ஈரம் காயாத ஆறாவது கோடு

ஒரு துக்க வீட்டில்தான் அந்த அம்மாவை நான் முதன்முதலாகக் கவனித்தேன். செத்துப்போனவர் நகராட்சிக்கு ஜல்லி சப்ளை செய்தவர். பந்தலுக்குள் வந்த ஆளெல்லாம் "தங்கமான மனுசன்", "இப்படியொரு ஆளு இனிமேப் பொறந்துதான் வரோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு லோடு ஜல்லிக்கு முக்கால் லோடு கொட்டிவிட்டுப் போகிற மனுசன் என்று ஊருக்கே தெரியும். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் யார் பேசுவார்கள்? அந்த அம்மா வந்து மாலையைப் போட்டுவிட்டு நின்றார். மூத்த மகன் ஓவென்று அழுதுகொண்டே, "எங்கய்யன் எப்படிப்பட்டவருன்னு நீங்க சொல்லுங்கம்மா" என்று கேட்டுவிட்டான். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு அவரப் பாதிதானுங்க தெரியும். தெரிஞ்ச வரைக்கும், கூப்புட்டா போன எடுப்பாருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு பந்தலை விட்டு வெளியே ஓடினேன். அங்கே நின்றிருந்த நகராட்சி டிரைவர் என் முதுகில் தட்டி, "அது அப்படித்தானுங்க. இல்லாதத அது வாயில வராது" என்றார்.

அந்த அம்மா நகராட்சியில் கட்டட அனுமதி பார்க்கும் பிரிவில் ஓவர்சியராக இருந்தார். ஊரில் எல்லாருக்கும் ஓவர்சியரம்மா. பேரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். குள்ளமான உருவம், நூல் சேலை, ஆம்பளைக் கைக்கடிகாரம், காலில் ரப்பர் செருப்பு. தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் இழுக்கிற டேப்பு ஒன்று, சாக்பீஸ், ஒரு நோட்டு, பொட்டுக்கடலைப் பொட்டலம். கல்யாணம் ஆனதா, ஆகி இல்லாமல் போனதா என்று அவரும் சொன்னதில்லை, கேட்கிற தைரியம் எவனுக்கும் வந்ததில்லை.

கல்யாணப் பத்திரிகை வைத்தால் "வாரேனுங்க" என்று சொல்ல மாட்டார். "அன்னிக்கு எப்படியோ, இன்னிக்கு எப்படிங்க சொல்றது?" என்பார். ஒருநாள் ஆபீசுக்கு நாலு நிமிடம் தாமதமாக வந்துவிட்டு, தானே பதிவேட்டில் 'நான்கு நிமிடம் தாமதம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாராம். அப்படி எழுத அதில் கட்டமே கிடையாது. தானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார். மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டதாகக் கேள்வி. கான்கிரீட் நாலு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை இருந்தால் மூன்றரை என்றுதான் எழுதுவார். எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு மிரட்டினாலும் ஒரே பதில்தான்.

"இல்லாதத எழுத மாட்டேனுங்க."

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். லாரி முகப்பில் குலசாமி பேர், கதவில் ரோசாப்பூ, பின்னால் 'ஒலி எழுப்பவும்', எல்லாம் என் கைதான். நான் எழுதின எழுத்து அசாம் வரைக்கும் போயிருக்கிறது, நான் சேலத்தைத் தாண்டினதில்லை. கோபம் கொஞ்சம் சாஸ்தி, வாயும் சாஸ்தி. அந்த அம்மாவோடு எனக்கு ஏற்பட்ட சகவாசத்துக்கு ஒரு கட்டணம்தான் காரணம்.

ஊரில் புதுக் கட்டடங்கள் மளமளவென்று எழும்பிக்கொண்டிருந்த நேரம். ஒரு கட்டடம் வந்தால் அதனால் ரோட்டில் வண்டியும் கூடும், நடக்கிற சனமும் கூடும். ஆகவே கட்டுகிறவர் நகராட்சிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், அதை வைத்து நடைபாதையும் ரோட்டைக் கடக்க வெள்ளைக் கோடும் போட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. நடைவசதிக் கட்டணம் என்று பேர். நல்ல காரியம்தான். ஆனால் எந்தப் புண்ணியவானோ அதில் ஒரு வரி சேர்த்திருந்தான். எந்தக் கட்டடத்தில் வாங்கிய பணமோ, அதை அந்தக் கட்டடத்தின் முகப்புக்கு எதிரில் மட்டுமே செலவழிக்க வேண்டும்.

மற்ற ஊராக இருந்தால் அந்த வரியை யாரும் படித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அதை அமல்படுத்தும் வேலை ஓவர்சியரம்மா கையில் இருந்தது. அவர் டேப்பை இழுத்தார். புது லாட்ஜுக்கு முன்னால் நாற்பதடி நடைபாதை, முக்காலடி உயரத்தில், கைப்பிடிக் கம்பியோடு. அதற்கடுத்தது பழைய அரிசிக்கடை, கட்டணம் கட்டாத கட்டடம், அங்கே ஒன்றும் கிடையாது, சாக்கடை. அதற்கப்புறம் பல் டாக்டர் கிளினிக், பன்னிரண்டு அடி நடைபாதை. மறுபடியும் சாக்கடை. கடைவீதியில் நடக்கிறவர்கள் ஏறி, இறங்கி, தாண்டி, ஏறி, இறங்கிப் போனார்கள். மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர், "மருந்துக்கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள இன்னொரு மூட்டும் போச்சுங்க" என்று திட்டிக்கொண்டே போனதை நானே கேட்டிருக்கிறேன்.

"நடுவுல அந்தச் சாக்கடைக்கும் ரெண்டு கல்லப் போட்டா என்னங்கம்மா?" என்று யாராவது கேட்டால், "அதுக்குக் காசு கட்டல்லீங்களே" என்பார். குரலில் ஒரு ஏளனமும் இருக்காது, நமக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

என் வீட்டுக்காரி மரகதத்துக்குச் சின்ன வயதில் போலியோ. இடது கால் சூம்பியது. ஒரு கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பாள். ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்று வந்தது. அதில் சேலைக்கு ஓரம் தைக்கிற பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. உட்கார்ந்து பார்க்கிற வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அவள் ஆனந்தத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் எங்கள் கிராமத்திலிருந்து வருகிற பஸ் அவளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போகும். கடை இந்தப் பக்கம். நடுவே, மல்லசமுத்திரம் போகிற லாரியும் கோழித்தீவன வண்டியும் காலேஜ் பஸ்ஸும் எமனுக்குப் பிறந்ததுபோல் பறக்கிற ரோடு. என் பட்டறை அதே ரோட்டில் கூப்பிடு தூரம். தினமும் ஒன்பதரைக்குப் பிரஷைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு ஓடி வருவேன். முதலாளி, "பொண்டாட்டிய ரோடு தாண்ட உடறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கத்துவார். கடையில் வேலை போனால் அவள் இடிந்துபோவாள், பட்டறையில் வேலை போனால் சோறு போய்விடும்.

ஜவுளிக்கடையும் நடைவசதிக் கட்டணம் கட்டியிருந்தது. கடந்து போக வெள்ளைக் கோடு போடப் போகிறார்கள் என்றதும் எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. சின்ன வேலை என்பதால் எந்தக் கான்ட்ராக்டரும் எட்டிப் பார்க்கவில்லை. ஓவர்சியரம்மாவே பட்டறைக்கு வந்தார்.

"பெயின்டரே, ஆறு கோடு. ஒவ்வொண்ணும் ஒண்ணரை அடி அகலம். போடுவீங்களா?"

"ரோடு முழுசுக்கும் பன்னண்டு வேணுமுங்களேம்மா?"

"ஆறுதானுங்க. ரோட்டு நடுவோட நகராட்சி முடிஞ்சுபோச்சு. அக்கட்டப் பாதி பஞ்சாயத்து."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. சாக்பீஸால் ரோட்டு நடுவில் ஒரு கோடு கிழித்து, "இதுக்கு மேல ஒரு சொட்டு உழுகக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு கோடும் போட்டேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் ரோட்டு நடுவே மொட்டையாக நின்றபோது என் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் தொழிலில் எந்த வேலையையும் மொட்டையாக முடித்து அனுப்ப மாட்டோம். லாரி என்றால் கடைசியில் ஒரு வார்த்தை எழுதி, கீழே ஒரு கொடி இழுத்துவிட்டால்தான் முடிந்த மாதிரி. ஊர் எல்லை வேறு. பழக்க தோஷம், மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டை எடுத்து, ஆறாவது கோட்டுக்குப் பக்கத்தில், ரோட்டுக்கு நட்டநடுவில், 'நன்றி, மீண்டும் வருக' என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை வைத்துவிட்டேன்.

அந்த அம்மா வந்து ஆறு கோட்டையும் அளந்தார். எழுத்துக்கு முன்னால் நின்று, எழுத்துக்கூட்டுகிற மாதிரி இரண்டு தரம் படித்தார்.

"இது எஸ்டிமேட்ல இல்லீங்களே."

"இனாமுங்கம்மா. அழகா இருக்கட்டும்னு…"

"இனாமா வாங்கக் கூடாதுங்க."

"அப்ப அழிச்சுப்போடட்டுங்களா?"

"அழிக்கறதுக்கும் எஸ்டிமேட்ல காசில்லீங்க."

அது அப்படியே கிடந்தது. பஸ்ஸில் போகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தான். ஆனால் சனங்கள் கோட்டை நம்பி ரோட்டில் இறங்க ஆரம்பித்தார்கள். கடையை விட்டு வருகிறவர்கள் பாதி வரைக்கும் தைரியமாக வந்து, 'மீண்டும் வருக' மேல் நின்று, முன்னால் ஒரு லாரி பின்னால் ஒரு லாரி என்று முழித்தார்கள். மரகதம் எதிர்த்திசை, அவளுக்கு முதல் பாதியில் கோடே இல்லை. நான் ஓடிவர முடியாத ஒருநாள் அவளே இறங்கிவிட்டாள். எப்படியோ நடுவுக்கு வந்தாள். ஒரு தீவன வண்டி உரசினாற்போல் போனதில் கையிலிருந்த டிபன் கேரியர் பறந்து, பின்னால் வந்த லாரிச் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது அவள் ரோட்டு நடுவில் தாமரை மேல் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியவில்லை. தட்டையாகிப்போன கேரியரை எடுத்துக்கொண்டு நேரே நகராட்சி ஆபீசுக்குப் போய் அந்த அம்மாவின் மேசையில் அறைந்தேன்.

"ஏனுங்கம்மா, பாதி ரோட்டுக்குக் கோடு போட்டா, பாதி உசுருதான் போகுமுங்களா? அவ செத்திருந்தா என்ன எழுதுவீங்க? நடுக்கோட்டுக்கு அக்கட்ட உழுந்துச்சு, நம்முளுது இல்லைன்னு எழுதுவீங்களா?"

ஆபீசே எழுந்து நின்றது. அவர் கேரியரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத நான் வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். நான் கேரியரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு நான் ஓடும்போது அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மறுநாளும். ஒருநாள் அவரே மரகதத்தின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நடுவில் மாட்டிக்கொண்டார்கள். லாரிகள் நிற்கவே இல்லை. அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் நோட்டை எடுத்து எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'இரண்டு பெண்கள். நடுவில். ஏழு நிமிடம்.'

கேரியரை எடுத்துக்கொண்டு அவர் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார். அங்கேயும் அதே கட்டணம் உண்டு. ஆனால் யாரிடம் வாங்குவது? அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தை விட்டால் சோளக்காடு, சோளக்காட்டுக்கு அப்பால் ஒரு கோழிப்பண்ணை.

"பண்ணை பெரிய கட்டடமாச்சுங்களே, கட்டணம் போடலாமே?" என்றிருக்கிறார் அந்த அம்மா.

பஞ்சாயத்து கிளார்க் சிரித்திருக்கிறார். "பண்ணைக்கு விலக்குங்கம்மா. அத்தன கோழியும் கூண்ட உட்டே எறங்கறதில்ல, அதுகளுக்கு எதுக்குங்க நடைபாதை? புதுசா யாராச்சும் ஊடு கட்டி, கட்டணம் கட்டுனா கோடு போட்டுப்போடலாம்."

இது நடந்து ஒரு வருடத்தில் அவர் ஓய்வு பெற்றார். சால்வை, மாலை, மிக்சர், லட்டு. எல்லாரும் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். லட்டு தின்றுகொண்டே அவர் கூட்டத்தில் குறுக்கிட்டு, "அந்தத் தண்ணித் தொட்டி வேல நான் பாக்கல்லீங்க, எனக்கு முந்தி இருந்தவரு" என்று இரண்டு மூன்று தரம் திருத்தினார். கடைசியில் அவரைப் பேசச் சொன்னார்கள். "முப்பத்தியொரு வருசம் மூணு மாசம் வேல பாத்தேனுங்க. ஒரு ரோட்டுல பாதி முடிக்கல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததை இன்றைக்கும் எங்கள் பக்கம் கதையாகச் சொல்கிறார்கள். ஓய்வுப் பணத்தில் அந்த அம்மா சோளக்காட்டு ஓரம், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், மூன்று சென்ட் இடம் வாங்கினார். காட்டுக்காரர், "இங்கெ ஊடு கட்டினீங்கன்னா பாம்பும் நீங்களுந்தானுங்க குடியிருக்கோணும்" என்று எச்சரித்தார். ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். பிளானைப் பார்த்த கிளார்க் சந்தோஷமாகச் சொன்னார்.

"சின்ன ஊடுங்கம்மா. இந்த அளவுக்குள்ள இருந்தாக் கட்டணமே கெடையாது. உங்களுக்கு லாபம்."

"எவ்வளவு இருந்தாக் கட்டணம் வருமுங்க?"

"இன்னும் ஒரு அடி நீட்டுனா வந்துருமுங்க. அதுக்கென்ன?"

அந்த அம்மா பிளானைத் திருப்பி வாங்கி அங்கேயே ஒரு அடி நீட்டினார். ஊர் உலகம் எல்லாம் கட்டணத்துக்குப் பயந்து ஒரு அடி குறைக்கும். இந்த அம்மா கட்டணம் கட்டுவதற்காகவே ஒரு அடி கூட்டினார். கிளார்க் தன்னை ஏதோ சோதனை செய்கிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் ஆபீசுக்கே வரவில்லையாம்.

வீடு முடிந்தது. கட்டணம் கட்டியாயிற்று. பணத்தைக் கோட்டுக்குச் செலவழிக்க வைக்க, தினமும் காலையில் கிளார்க் வருவதற்கு முன்னால் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு மாதத்தில் கிளார்க் என்னைத் தேடிப் பட்டறைக்கே ஓடி வந்தார். ரோட்டோர மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்தியது போக, மீதி இருந்த பணம் ஐந்து கோட்டுக்குத்தான் வந்தது, ஐந்தையும் போட்டேன். ஆறாவது கோடு, அந்தம்மா வீட்டுப் பக்கத்துக் கடைசிக் கோடு, இல்லை.

"அம்மா, ஒத்தக் கோடு. அரைமணி நேர வேல. நான் போட்டுர்றேனுங்க. இனாமுன்னு நெனைக்காதீங்க, என்ற பொண்டாட்டி நடக்கறதுக்குத்தானுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பஞ்சாயத்து ரோட்டுல நீங்க போடறதுக்கு நீங்க ஆருங்க? நான் ஆருங்க?" என்றார். "பொறுங்க. இன்னொரு பாத்ரூம் கட்டறேன்."

"இருக்கறது ஒரு ரூமு, ஒரு ஆளு. ரெண்டு பாத்ரூமுங்களா?"

"ஒண்ணு பூட்டிக் கெடக்கட்டும்."

அட கெரகமே என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் கட்டினார். கூடுதல் கட்டடத்துக்கு அனுமதி, அதற்குக் கட்டணம், அதிலிருந்து ஆறாவது கோடு. ஒரு ரூம்பு ஊட்டுக்கு ரெண்டு கக்கூசு என்று பஸ்ஸில் போகிறவர்கள் கை காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மரகதத்திடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "எனக்காகக் கட்டுன கோயிலுங்க அது" என்றாள்.

ஆறாவது கோட்டை ஒரு விடிகாலையில் போட்டேன். ஒத்தைக் கோட்டுக்கு ரோட்டுப் பெயின்ட் சில்லறையாகக் கிடைக்காது. லாரிக்கு அடிக்கிற எனாமலைத்தான் அடித்தேன். அது லேசில் காயாது. கல்லும் வேப்பங்கொப்பும் போட்டு மறித்து வைத்திருந்ததை ஒன்பதேகாலுக்கு எடுத்தோம். பஸ் வந்தது, மரகதம் இறங்கினாள். அந்த அம்மா அவள் பக்கத்தில் நின்றார். தூரத்தில் ஒரு லாரி பறந்து வந்துகொண்டிருந்தது.

லாரி நின்றது. கிறீச்சென்று, கோட்டுக்கு நாலடி தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, பெயின்டு இன்னும் காயலீங்களா? வண்டிக்குப் புதுசாப் பெயின்டு அடிச்சு எப்ஸி காட்டிட்டு வாரேன், மட்காடுல தெறிச்சா என்ற ஓனரு கொன்னுபோடுவாரு."

மட்காடில் இருந்த ரோசாப்பூ நான் போன வாரம் எழுதினது. அந்த லாரி நின்றதும் பின்னால் வந்ததெல்லாம் நின்றது. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸும் என்னவோ ஏதோ என்று நின்றது. மரகதம் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். ஈரக் கோட்டைச் சுற்றி வந்து, அடுத்த கோட்டில் காலை வைத்து, 'மீண்டும் வருக'வைத் தாண்டி, பன்னிரண்டாவது கோடு வரை, ஒருவர் கையையும் பிடிக்காமல் வந்து சேர்ந்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் அழுதேன்.

மறுநாள் பெயின்ட் காய்ந்துவிட்டது. ஒரு வண்டியும் நிற்கவில்லை. பன்னிரண்டு கோடும் பளபளவென்று கிடந்தன, அவற்றின் மேல் லாரிகள் எப்போதும்போலப் பறந்தன. நான் பழையபடி பிரஷைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பாத்ரூம் கட்டியும் பலனில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நாலாம் நாள் அந்த அம்மா பட்டறைக்கு வந்தார். சொந்தப் பணத்தை எடுத்து வைத்தார்.

"ரெண்டு போர்டு எழுதுங்க, பெயின்டரே. 'கவனம், பெயின்ட் ஈரம்'. ஒண்ணு என்ற ஊட்டு முன்னால, ஒண்ணு ஜவுளிக்கடை முன்னால. கடையில கேட்டுட்டேன், செரின்னுட்டாங்க."

எனக்குக் காதில் விழுந்தது நிஜமா என்று சந்தேகமாகிவிட்டது. "ஏனுங்கம்மா, அது காஞ்சு மூணு நாளாச்சுங்களே? இல்லாதத எழுத மாட்டேன்னு சொல்ற ஆளு நீங்கதானுங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் வாயை அடக்கியிருக்கலாம். போர்டை எழுதிக் கொண்டுபோய் நட்டேன். அன்றைக்கே வண்டிகள் போர்டைப் பார்த்ததும் மெதுவாகி நின்றன. மனுசன் உயிருக்கு நிற்காத பயல்கள் மட்காடுக்கு நின்றார்கள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று இருந்தது. சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஒரு பொய்யினால ஒண்ணும் ஆயிராதுங்க" என்றேன்.

"பொய்யா?" என்றார். "நாளைக்குக் காத்தால ஒம்பதேகாலுக்கு வந்து தொட்டுப் பாருங்க."

போனேன். அந்த அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ரோட்டோரம் குத்தவைத்திருந்தார். ஒரு கையில் கொட்டாங்குச்சி, அதில் வெள்ளை எனாமல். இன்னொரு கையில் சின்னப் பிரஷ். ஆறாவது கோட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் குனிந்து தொட்டேன். விரலில் ஒட்டியது.

"ஈரந்தானுங்களே?" என்றார்.

"ஈரந்தானுங்கம்மா."

மழை, பனி, பொங்கல், தீபாவளி, ஒருநாள் தவறாமல் வைத்தார். அந்தக் கோட்டோரம் மட்டும் தடித்துத் தடித்துச் சின்ன மேடாகவே ஆகிவிட்டது. அப்புறம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆத்தூரிலிருந்து தங்கை மகள் வந்து கையோடு கூட்டிப்போனாள். போகும்போது வீட்டுச் சாவியை என்னிடமும், கொட்டாங்குச்சியை மரகதத்திடமும் கொடுத்தார். தட்டையான டிபன் கேரியரை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பொட்டு வைப்பது என் வேலை. காலை ஒன்பதரைக்கு ஆத்தூரிலிருந்து போன் வரும்.

"ஈரமாங்க?"

"ஈரமுங்கம்மா."

வேறு பேச்சு கிடையாது, வைத்துவிடுவார்.

போன மாசம் எனக்குக் கடும் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தேன். மரகதம் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பதரைக்குப் போன் அடித்தபோதுதான் பொட்டு வைக்காதது ஞாபகம் வந்தது. ஈரமுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாக்கு எழவில்லை.

"இன்னிக்கு வெக்கலீங்கம்மா. காச்சலு."

 "அப்ப அந்தப் போர்ட எடுத்துப்போடுங்க, சாமி. பொய்யாப்போகுது" என்றார்.

போர்டை எடுத்தால் வண்டி நிற்காது. காய்ச்சலோடு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பறந்தேன். கிட்டே போனபோது ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எனக்கு உயிரே போய்விட்டது. இறங்கி ஓடினேன். அன்றைக்கு பஸ் தாமதம்போல, அப்போதுதான் வந்து இறங்கிய மரகதம் ஆறாவது கோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். சூம்பின காலை ஒரு பக்கமாக நீட்டி, மடியில் கொட்டாங்குச்சியை வைத்துக்கொண்டு பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற லாரி டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க்கா, மூணு வருசமா இந்த ரோட்டுல வாரேன், இது எப்பத்தான் காயுமுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஈரந்தானுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, தொடையில் கையை ஊன்றி எழுந்து, அவள் பாட்டுக்கு ரோட்டைக் கடந்து போனாள்.

நான் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஆத்தூருக்குப் போன் போட்டேன்.

"ஈரமுங்கம்மா. மரகதம் வெச்சிருக்கறா."

"எவ்வளவுங்க?"

விரலை வைத்து அளந்தேன். "ஒரு வெரக்கட அகலமுங்கம்மா."

"செரி" என்று போனை வைத்துவிட்டார்.